எபேசஸ் டூர் பாதி விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

கேள்வி: கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போகிறோம். ஒருநாள் துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் நிற்குமாம். அங்கிருந்து பழைய கிரேக்க நகரமான எபேசஸுக்குப் போக, கப்பல் கம்பெனி கேட்பதில் பாதிக்கு உள்ளூர் ஏஜென்சி கூட்டிப்போகிறது. எதை எடுப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பதில்: பாதி விலை என்பதால் ஏமாற்று என்று ஒதுக்கவும் வேண்டாம், உடனே பணம் கட்டவும் வேண்டாம். அந்தப் பாதியில் எதெல்லாம் இல்லை என்று கேளுங்கள். நுழைவுச்சீட்டு சேர்த்தியா? டெரஸ் ஹவுஸ் எனப்படும் பணக்காரர் வீடுகளுக்குத் தனிச்சீட்டு, அது உண்டா? பல குழுக்கள் அதை விட்டுவிட்டு, செல்சுஸ் நூலகத்தின் முன் போட்டோவுக்கு நிறுத்தி, அப்படியே தியேட்டருக்கு (பழங்காலத் திறந்தவெளி அரங்கு) கிளப்பிவிடும். என்னைக் கேட்டால் எபேசஸில் பார்க்கவேண்டியதே அந்த வீடுகள்தான்: பெரிய கூரைக்குக் கீழே சுவரோவியங்களும் மொசைக் தரைகளும், ஒரு கூடத்தில் உடைந்த பளிங்குத் துண்டுகளை மேஜை மேஜையாகப் பரப்பிவைத்துப் பொருத்திப் பார்க்கும் வேலையும். நூலக முகப்பு 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் இடிபாடுகளிலிருந்து திரும்ப எடுத்து நிறுத்தியது, அதிலுள்ள சிலைகள் நகல்கள், அசல் வியன்னாவில். (கிரேக்க நகரம் என்றாலும் கண்ணில் படுவதில் பெரும்பகுதி ரோமானியர் காலத்தது.)

அப்புறம், நிகழ்ச்சி நிரலில் 'கம்பளம் நெய்யும் செயல்விளக்கம்' என்று இருந்தால் அது கடை. ஆப்பிள் டீ கொடுத்து உட்காரவைத்து ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார்கள், இடிபாடுகளுக்கான நேரம் அங்கே போய்விடும். கப்பல் டூரிலும் இது உண்டு, அதனால் இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

கப்பல் டூருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உள்ளூர் ஆளோடு போனால் காத்திருக்காது. ஆனால் தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான், கப்பலேறும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்தில் விடுவதாக எழுதி வாங்கினால் போதும்.

சரி, அம்மா விஷயம். குழுக்களை மேல் வாசலில் இறக்கி, கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள். இறக்கம்தானே, சுலபம் என்பார்கள். முழங்கால் வலிக்காரர்களைக் கேட்டால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும் என்று சொல்வார்கள், அதுவும் வழுவழுவென்று தேய்ந்த பளிங்குக் கற்களில், நிழலே இல்லாத வெயிலில். டெரஸ் ஹவுஸில் படிகள் ஏராளம். நாற்பது பேர் குழு உங்களுக்காக நிற்காது. அதனால் இரண்டு குரூப் டூரையும் விட்டுவிட்டு, அதே உள்ளூர் ஏஜென்சியிடம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வேனும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கேட்டு விலை வாங்குங்கள். கீழ் வாசலில் நுழைந்து தியேட்டர், நூலகம் பார்த்துவிட்டு அம்மா வந்த வழியே திரும்பிவிடலாம், அந்தப் பகுதி பெரும்பாலும் சமதளம். நாலைந்து பேராகப் பங்கிட்டால் கப்பல் கட்டணத்தைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாசலில் யாராவது கைக்குள் மறைத்துப் 'பழங்கால நாணயம்' காட்டினால் வாங்காதீர்கள். போலி என்றால் காசு போச்சு, அசல் என்றால் துருக்கியை விட்டு எடுத்துப்போவது குற்றம்.