“டேன் போக என்ன கிரீம் அக்கா?”

கேள்வி: எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவிகள் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறோம். இளம்பெண்கள் வேண்டுமென்றே தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் டேனிங் பழக்கத்தை நிறுத்த வெளிநாடுகளில் போடும் வீடியோக்களைப் பார்த்து, ‘டேன் ஆகாதீங்க, தோலைக் காப்பாத்துங்க’ என்று தமிழில் ரீல்ஸ் போட்டோம். நிறையப் பேர் பார்த்தார்கள். ஆனால் கமெண்டில் பெரும்பாலும் ‘டேன் போக என்ன கிரீம் அக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பியூட்டி பார்லர் தன்னுடைய டி-டேன் பேஷியல் விளம்பரத்தில் எங்கள் ரீலையே சேர்த்துவிட்டது. எங்கே பிசகியது?
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறீர்கள் தங்கச்சி. இருந்தாலும் அந்த ரீல்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அந்த வீடியோக்கள் யாருக்காக எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். அங்கே வெள்ளைத் தோல் பெண்கள் பழுப்பு நிறம் வேண்டும் என்று கடற்கரையில் மணிக்கணக்கில் படுக்கிறார்கள், அது போதாமல் புற ஊதா விளக்கு பொருத்திய படுக்கையில் காசு கொடுத்தும் படுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-இல் அந்தப் படுக்கையை, புகையிலை இருக்கும் அதே முதல் வகையில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சேர்த்தது. பிரேசில் அதே வருடம் அதைத் தடை செய்தது, ஆஸ்திரேலிய மாநிலங்களும் அந்தக் கடைகளை மூடின. அங்கே அந்தப் பிரச்சாரம் அவசியம், உயிரைக் காப்பாற்றுகிறது.

மேலூர்ப் பெண் நிறம் மாற வேண்டும் என்று வெயிலுக்குப் போவதில்லை. நாற்று நடவும், கடலை பறிக்கவும், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கவும், ஸ்கூட்டரில் வேலைக்குப் போகவும்தான் போகிறாள். அவள் தோலில் கூடுதலாக இருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருள் அவளுக்குப் பாதுகாப்பு, வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலை விட நம் தோலில் மிகக் குறைவு. அவளிடம் போய் ‘டேன் ஆகாதே’ என்றால், வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட ‘வெயில்ல போகாதடி, கருத்துருவ’ என்பதைத்தான் நீங்களும் சொன்னதாக எடுத்துக்கொள்வாள். அப்புறம் கிரீம் கேட்காமல் என்ன செய்வாள்? பார்லர்காரருக்கு அந்த ரீல் பிடித்ததற்கும் காரணம் அதுதான்.

ஆனால் அந்த வெளிநாட்டுப் பிரச்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ‘அறுபது வயதில் புற்றுநோய் வரும்’ என்றால் பதினெட்டு வயதுக்கு உறைப்பதில்லை. இப்போதே முகம் எப்படிக் கெடும், சுருக்கமும் திட்டும் எப்படி வரும் என்று காட்டியது கூடுதலாக எடுபட்டிருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் ஓர் இளம்பெண், டேனிங் படுக்கையில் படுத்துப் படுத்து வந்த தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தபோது, புண்ணும் பொருக்குமாக இருந்த தன் முகத்தையே படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார், அது உலகம் முழுக்கப் பரவியது. அறிவுரை சொல்ல டாக்டர் யாரும் வரவில்லை, தன் வயதுப் பெண் ஒருத்தி பேசினாள், அதனால் கேட்டார்கள்.

நம் ஊரில் அப்படிப் பேச வேண்டியது சிவப்பழகு கிரீமைப் பற்றி. ‘ஒரே வாரத்தில் கலர்’ என்று விற்கும் பல டியூபுகளில், டாக்டர் சொல்லித்தான் போட வேண்டிய ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. போட்ட சில நாளில் முகம் வெளுத்த மாதிரி தெரியும், நிறுத்தினால் சிவந்து எரியும், பருப்பருவாக வரும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். இப்படியே போனால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும், கொஞ்ச வெயில் பட்டாலே தாங்காது. மத்திய அரசு 2018-இல் 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்படியும் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொன்னால் எடுத்துக் கொடுப்பதை நாமே பார்க்கிறோமே, எனக்கு இதில்தான் ஆத்திரம் வருகிறது.

ஆகவே உங்கள் அடுத்த ரீலில் முகமே வேண்டாம், டியூபின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய மூன்று ஸ்டீராய்டுகளின் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டு, ‘இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் முகத்தில் போடாதே’ என்று மதுரைப் பேச்சிலேயே சொல்லுங்கள். லேபிளே இல்லாமல் ஆன்லைனில் வருவது இன்னும் மோசம், அதில் பாதரசம் இருக்கலாம். 2023-இல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் கெட்டு வந்த நோயாளிகள் சிலரை விசாரித்தபோது, அப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம் போட்டிருந்தது தெரியவந்தது. கிரீம் போடும் பெண்ணுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், தாமதிக்காமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கிரீம் கேட்டு கமெண்ட் போட்டவர்களைத் திட்டாதீர்கள், கேலியும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாக மெசேஜ் அனுப்பி ‘இப்போ என்ன போடுறீங்க?’ என்று கேளுங்கள், உண்மையான வேலை அங்கேதான் நடக்கும். நாள்பட ஸ்டீராய்டு போட்டவர்களை ‘உடனே தூக்கிப் போடு’ என்றும் சொல்லாதீர்கள், நிறுத்தும் முறையைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நம் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம். ‘முன்பு – பின்பு’ படங்கள், ஃபில்டர் போட்ட முகம் இரண்டையும் உங்கள் பக்கத்தில் அடியோடு தவிருங்கள்.

அந்தப் பார்லரிடம் ரீலை எடுக்கச் சொல்லுங்கள். கருப்பாக இருப்பவர்களை மட்டமாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இலேயே விதி போட்டிருக்கிறது, காசு வாங்கிப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது 2021 விதி. கேட்காவிட்டால் அங்கே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: மகளுக்கு 23 வயது. பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போனது. குளுட்டாதையோன் ஊசி போட்டால் நாலு மாதத்தில் கலர் வரும் என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. தோலை வெளுக்க அந்த ஊசியைப் போட நம் நாட்டில் அனுமதி கிடையாது. அந்த ஊசி பரவலாக இருந்த பிலிப்பைன்ஸிலேயே அரசு எச்சரிக்கை விட்டிருக்கிறது. நரம்பில் ஏற்றும் மருந்து, ஒவ்வாமை வந்தால் பார்லரில் யார் பார்ப்பார்கள்? அதற்குச் செலவு செய்ய வைத்திருக்கும் பணத்தை மகள் பெயரில் போடுங்கள். கன்னத்தில் மங்கு மாதிரி ஏதாவது இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த நிறத்துக்கு வைத்தியம் எதற்கு? அடுத்த வரன் வரும்போது, போட்டோவை எடிட் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள், நிறம் பார்ப்பவர்கள் வீடு வரைக்கும் வரமாட்டார்கள். முக்கியமாக, இந்த ஊசி யோசனை மகளுடையதா உங்களுடையதா என்று கடிதத்தில் இல்லை. அவளிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.