போலியோ: செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை

பேரனுக்குத் தவணை தவறாமல் சொட்டு மருந்து கொடுத்தாச்சு. முகாம் அன்றும் தூக்கிக்கொண்டு போகணுமா டாக்டர்?
(பள்ளத்தூர் வாசகி)

போங்கள் ஆச்சி. 5 வயது முடியும்வரை முகாம் எப்போது நடந்தாலும் கொடுங்கள். கூடுதல் சொட்டு கெடுதல் செய்யாது. இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில் ஹவுரா பக்கத்துக் குழந்தை. 2014-இல் போலியோ இல்லை என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் ஓயவில்லை. அது ஓயும்வரை நாமும் விடக்கூடாது. முகாமில் கொடுத்தாச்சு என்று தடுப்பூசி அட்டையில் உள்ள தவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலுக்குப் பிறகு கால் துவண்டுவிட்டது. சுகாதாரத் துறையினர் வந்து மலம் கேட்கிறார்கள். 'எங்கள் பிள்ளைக்குப் போலியோ என்று முத்திரை குத்தவா?' என்று வீட்டார் கோபப்படுகிறார்கள்.
(தேவகோட்டை வாசகர்)

அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கையோ காலோ துவண்டால், காரணம் எதுவானாலும், தகவல் சொல்லியாக வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அது போலியோவாக இருக்காது. கில்லன் பாரே என்ற நரம்பு நோயாகவோ வேறு கிருமியாகவோ இருக்கும். அதை உறுதிப்படுத்தத்தான் இந்தச் சோதனை.

வாதம் தொடங்கிய 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுப்பார்கள். பெருவிரல் அளவு போதும். ஐஸ் வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். நாள் கடந்தால் கிருமி மலத்தில் குறைந்துவிடும், சோதனையின் பயனும் குறையும். தேவைப்பட்டால் 60 நாள் கழித்து மறுபடி வந்து காலைப் பார்ப்பார்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டே பரப்புவார்கள். ஆகவே ஒரு துவண்ட காலைக் கவனிக்காமல் விட்டால், அதன் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான தொற்றும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். இன்றைக்கே மலம் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மூச்சுவிடச் சிரமம் இருந்தால் அதற்கும் முன்னால் பெரிய ஆஸ்பத்திரி.

சிங்கப்பூரிலிருந்து மகள் குழந்தையோடு கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். அங்கே ஊசிதான் போட்டார்களாம். இங்கே சொட்டு கொடுக்கலாமா?
(கானாடுகாத்தான் வாசகி)

தாராளமாக. ஊசி வாதம் வராமல் காக்கும். சொட்டு, குடலிலேயே கிருமி பெருகுவதைக் கட்டுப்படுத்தும். நம் ஊர் அட்டவணையில் இரண்டுமே உண்டு. பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தை என்றால் மட்டும் சொட்டு கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்க வடக்கேயிருந்து வேலையாட்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அட்டை இல்லை.
(காரைக்குடி வாசகர்)

கேட்டதற்கு ரொம்ப நன்றி. இப்படி இடம் மாறும் பிள்ளைகள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும் மருந்து உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், புது அட்டை போட்டு ஆரம்பிப்பார். மருந்து கொடுக்கும் நாளில் பெற்றோருக்குக் கூலி பிடிக்காமல் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள்.