செபிக்கும்போது உள்ளே ஒரே இருட்டாக இருக்கிறது. விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. யாரோ உங்களிடம் "ஒளியில் நடப்பவனுக்கு இருள் எப்படி வரும்?" என்று கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள். அம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கிறேன். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழுவில், முன்னின்று செபம் சொல்லும் ஒருவர், "உனக்கு விசுவாசம் பத்தலம்மா, அதான் இன்னும் அழுற" என்றார். பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை. அப்புறம் பல மாதம், அறுந்த இடத்தில் நூல் கட்டிய அம்மாவின் செபமாலையை எடுப்பேன். மணி நகரும், வாய் அருள்நிறைந்த மரியே சொல்லும், உள்ளே ஒன்றும் இருக்காது.

வயதான பங்குச்சாமி ஒருவர்தான் விவிலியத்தில் திருப்பாடல் (சங்கீதம்) 88ஐ எடுத்துக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. ஆனால் முதல் வரி தொடங்கி எல்லாம் கடவுளைப் பார்த்துச் சொன்னதுதான். இதை விவிலியத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லையே!

நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர், மோசேயின் வாழ்க்கையை வைத்து இந்த இருட்டை விளக்கினார். மோசே கடவுளை முதலில் எரியும் புதரின் ஒளியில் கண்டார், பிறகு மேகத்தில், கடைசியாக சீனாய் மலையின் காரிருளில். அதாவது இருட்டு, நெருங்கிப் போன பிறகு வருவது. ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை அருளப்பரை 1577இல் அவருடைய துறவற சபையினரே தொலேதோ நகரில் ஒரு சிற்றறையில் அடைத்தார்கள். ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதியவர் அவர். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான், அவர் பல பத்தாண்டுகள் இந்த வறட்சியிலேயே ஏழைகளுக்கு உழைத்தது உலகத்துக்குத் தெரிந்தது. அவரிடம் போய் "விசுவாசம் பத்தல" என்பார்களா?

உடனே சிலர் யோவானின் முதல் மடலைக் காட்டுவார்கள். கடவுளிடம் இருளே இல்லை என்று அது சொல்வது கடவுளைப் பற்றி. துக்கத்தில் இருப்பவரின் மனத்தைப் பற்றி அல்ல. நான் எந்தச் சபையையும் குறை சொல்லவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு, இயேசு உருமாறிய தாபோர் மலையின் ஒளியைத்தான் பெரிதாகப் பேசும், அதுவும் உண்மைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, புது நெருப்பில் பாஸ்காத் திரியை ஏற்றி இருட்டுக்குள் கொண்டு வருவார்கள். இப்போது அந்தச் சில நிமிட இருட்டையும் விடுவதில்லை. வீடியோக்காரரின் பெரிய விளக்கு ஒரு பக்கம், நூறு செல்போன் வெளிச்சம் மறுபக்கம். 1951க்கு முன்னால் இந்தச் சடங்கைச் சனிக்கிழமை காலையிலேயே, பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுவார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அதை இரவுக்கு மீட்டுக் கொடுத்தார். நாமோ மறுபடி பகலாக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று இரவு அந்த 88ஐ வாய்விட்டுப் படியுங்கள். தூக்கமும் பசியும் போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.