நாகாலாந்து உரிமம் இருந்தும் ஏன் நிறுத்தினார்கள்?

ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்பில் 2,300 ரூபாய் கிடக்கிறது, நாகாலாந்து உரிமம் உள்ள ஆப்தானே, கட்டணப் போட்டிகளை ஏன் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். அது திறமை விளையாட்டுகளுக்காக நாகாலாந்து 2016இல் கொண்டுவந்த சட்டத்தின்படி தரும் உரிமம். ஆந்திரா, தெலங்கானாவில் 2025 தடைக்கு முன்பே அது செல்லவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்துவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடலுக்கே அதில் இடமில்லை. தண்டனை நடத்துபவருக்குத்தான் (3 ஆண்டு சிறை, 1 கோடி அபராதம் வரை), ஆடியவருக்கு இல்லை.

அதனால் பயப்படாமல் பணத்தை எடுங்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கும். நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) போகும். நீங்கள் கட்டிய காசிலும் பிடித்திருந்தால் விடாதீர்கள், கணக்குக் கேளுங்கள். அப்புறம், டெலிகிராமில் வரும் ‘புது ஆப்’ லிங்க்கைத் தொடவே வேண்டாம்.