நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்

அன்புள்ள டீச்சர்,

செம்பூரிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். நவி மும்பையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடமாக எட்டாவது முதல் பத்தாவது வரை கணக்கு எடுக்கிறேன். இப்போது இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டு ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். ஒன்று இப்போதைய பிரின்சிபாலிடமிருந்து வர வேண்டுமாம். போய்க் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு நேரமில்லை, நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அதற்கு முன்பு வேலை பார்த்த பள்ளியின் பிரின்சிபால் ஓய்வுபெற்று டோம்பிவிலியில் இருக்கிறார். அவரிடம் இருப்பது ஜிமெயில்தான். என் வீட்டுக்காரர், தனக்குத் தெரிந்த ஒரு டிரஸ்டியிடம் நல்ல லெட்டர்ஹெட்டில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நானே எழுதிக் கையெழுத்து வாங்குவது தப்பா டீச்சர்? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

நீங்களே எழுத வேண்டாம். டிரஸ்டியின் லெட்டர்ஹெட்டும் வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியும். நாமே தட்டச்சு செய்து, ஆபீஸில் முத்திரை வாங்கி, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே பள்ளிகள் ஆள் எடுப்பதற்கு அரசு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்' என்று பெயர். 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று பொதுவாக எழுதிய கடிதத்தை ஏற்காதே, விண்ணப்பிப்பவரையே வாங்கி வரச் சொல்லாதே, பொறுப்பில் இருப்பவரிடம் நேரடியாகக் கேள், வந்த பதில் உண்மையிலேயே அவரிடமிருந்துதான் வந்ததா என்று பார் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, உங்கள் பிரின்சிபாலுக்கு அவர்களே ஒரு படிவம் அனுப்புவார்கள். நீங்கள் எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறீர்கள், என்ன பொறுப்பு, குழந்தைகளோடு வேலை செய்யத் தகுந்தவர்தானா, உங்கள் மேல் ஏதாவது புகார் வந்து நிரூபணமானதா என்றெல்லாம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் போன் செய்வார்கள். அப்போது அவர் தான் எழுதாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றும். 2002இல் அங்கே சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைக் கொன்றவன், ஓர் உயர்நிலைப் பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவன். வேறு ஊரில் அவன் மேல் ஏற்கெனவே பல புகார்கள் இருந்தன. வேலை கொடுத்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. இதை விசாரித்த பிச்சார்ட் குழுவின் அறிக்கை 2004இல் வந்தது. அதற்கப்புறம்தான் பள்ளிக்கு ஆள் எடுக்கும் முறை இப்படி இறுகியது. அந்தப் படிவத்தின் பின்னால் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் அதை வெறும் சம்பிரதாயமாகப் பார்க்க மனம் வராது.

டிரஸ்டி விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். 1999இல் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கு ஆள் எடுக்க அந்தேரியில் ஒரு ஹோட்டலில் நேர்முகம் வைத்தார்கள். எங்கள் டிரஸ்ட் தலைவரிடம் கடிதம் வாங்கிப் போனேன். தடித்த காகிதம், பொன்னிற முத்திரை, 'நேர்மை, கடமையுணர்வு, அயராத உழைப்பு' எல்லாம் இருந்தது. எதிரே இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, "இவர் உங்கள் வகுப்புக்கு எத்தனை முறை வந்திருக்கிறார்?" என்று கேட்டார். ஒரு முறைகூட வந்ததில்லை. "சரி, வந்து பார்த்தது யார்?" எங்கள் சூப்பர்வைசர். வருடத்துக்கு நாலைந்து தடவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வேலை கிடைக்கவில்லை. தாதரில் ரயில் மாறும்போது பிளாட்பாரத்தில் நின்று அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தியிருக்கும்.

பின்னாளில் நானும் சூப்பர்வைசரானேன். கூட வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒருத்தி மஸ்கட்டுக்கு விண்ணப்பித்தபோது என்னிடம் கேட்டாள். நான் பார்த்த ஒரு நாளைத்தான் எழுதினேன். ஜூலை மாதம், குர்லாவில் தண்டவாளம் முழுகி, பள்ளிக்குப் பாதிப்பேர் வரவில்லை. மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து இவளிடம் விட்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் 'எதையாவது படியுங்கள்' என்று சொல்லியிருப்பார்கள். இவள் ஜன்னலைக் காட்டி, "நம் கிரவுண்டில் எத்தனை டேங்கர் தண்ணீர் விழுந்திருக்கும்?" என்று கேட்டாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். கிரவுண்டு நாற்பதுக்கு இருபத்தைந்து மீட்டர். நூறு மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டு பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஒரு லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் பத்து. வாரத்துக்கு ரெண்டு தடவை டேங்கர் வரும் குடியிருப்பு சொசைட்டியிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்புறம் ஏன் டீச்சர் நாங்க காசு கொடுத்து வாங்கறோம்?" என்றான். வகுப்பு அங்கிருந்து வேறு எங்கோ போய்விட்டது. கதவுக் கண்ணாடி வழியாகக் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். இதைத்தான் எழுதினேன், கூடவே அவள் மார்க் ஷீட் தருவதில் எப்போதும் இரண்டு நாள் தாமதம் என்பதையும் எழுதினேன். அவளுக்கு வேலை கிடைத்தது.

உங்கள் பிரின்சிபாலுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது கடிதம் அல்ல, ஒரு பக்கக் குறிப்பு. சேர்ந்த தேதி, எடுத்த வகுப்புகள், பத்தாவது ரிசல்ட், வகுப்புக்கு வெளியே பார்த்த பொறுப்புகள், அவரோ சூப்பர்வைசரோ உங்கள் வகுப்பில் உட்கார்ந்த நாட்கள், அன்று என்ன பாடம் என்பது. தகவல் மட்டும் போதும், 'சிறந்த', 'அர்ப்பணிப்புள்ள' போன்ற சொற்கள் ஒன்றும் வேண்டாம். சொல் அவருடையதாக இருக்கட்டும். நேரமில்லை என்பவருக்கும் இதை வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் ஆகும்.

முகம் சுருங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பத்தாவதுக்குக் கணக்கு டீச்சர் வருட நடுவில் போனால் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இங்கிலாந்தில் செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. கோடை முடிவில் விலகும் ஆசிரியர்கள் மே 31க்குள் சொல்லிவிட வேண்டும் என்பதால் பிப்ரவரியிலிருந்து மே வரை விளம்பரங்கள் குவியும். நமக்கு அது போர்டு பரீட்சை நேரம். யூனிட் டெஸ்ட் இல்லாத ஒரு நாள், பிள்ளைகள் போனபின் அவர் அறைக்குப் போங்கள், வாட்ஸாப்பில் கேட்காதீர்கள். "கிடைத்தால் இன்ன மாதம்தான் கிளம்புவேன், போர்ஷனை முடித்து ரிவிஷனும் கொடுத்துவிட்டுப் போகிறேன், நோட்டீஸ் பீரியட் முழுவதும் இருப்பேன்" என்று முதலில் சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் பேச்சை அப்புறம் எடுங்கள். அப்படியும் மறுத்தால், விண்ணப்பத்திலேயே 'இவரை எப்போது தொடர்புகொள்ளலாம்' என்று கேட்கும் இடத்தில் நேர்முகத்துக்குப் பிறகு என்று எழுதலாம். எல்லாப் பள்ளியும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் இப்போதைய பள்ளியை மறைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.

சின்ன விஷயம் ஒன்று. அங்கிருந்து வரும் மின்னஞ்சல் பள்ளி ஆபீஸின் ஸ்பாமில் போய் விழுந்து, பதிலே வராமல் வாய்ப்புப் போன கதையை நான் கேட்டிருக்கிறேன். எந்த முகவரியிலிருந்து வரும் என்று பிரின்சிபாலுக்கும் ஆபீஸ் கிளார்க்குக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழைய பள்ளியைப் பொறுத்தவரை, அதன் ஆபீஸிலிருந்து ஒரு பதில் வேண்டும். மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தேதிகளை உறுதிசெய்து, அந்தப் பள்ளியின் மின்னஞ்சலிலிருந்து அங்கே இப்போது இருக்கும் பிரின்சிபால் அனுப்பினால் போதும். ஓய்வுபெற்றவரின் ஜிமெயிலை மட்டும் கொடுத்தால் அவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனால் உங்கள் பாடத்தைப் பற்றிப் பேசக்கூடியவர் அவர்தானே, அதனால் இரண்டும் இருக்கட்டும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இரண்டு பள்ளியிலும் முத்திரையோடு வாங்கிவிடுங்கள், அது தனி. விசாவுக்குப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள், பாஸ்போர்ட் சேவா மூலம் 500 ரூபாய்க்குக் கிடைக்கும்.

2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்ற கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அங்கேயும் முன்பு வேலை பார்த்த இடங்களின் தொடர்பு கேட்கிறார்கள். இப்போது சேர்த்துவைப்பது அதற்கும் உதவும்.

டோம்பிவிலியில் இருக்கும் பழைய பிரின்சிபாலை, போனில் கேட்காமல், நேரில் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்து லெசன் பிளான் நோட்டு இருந்தால் எடுத்துப் போங்கள், அவருடைய சிவப்பு மை அதில் இருக்கும், அதைப் பார்த்தால் பழைய வகுப்புகள் அவருக்கு ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை போவதானால் குர்லாவில் மாற வேண்டும். தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் எந்த லைனில் என்று சனிக்கிழமையே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.