ராத்திரி சாப்பிடாமலே காலையில் சுகர் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு 52 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படுக்கும்போது 128 இருக்கிற சுகர், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 165. நடுவில் தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை. பயந்துபோய் ஒரு வாரமாக இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். அப்போதும் குறையவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலில், இன்றிரவிலிருந்து சாப்பிடுங்கள். நீங்கள் எடுப்பது கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து. தூக்கத்திலேயே சுகர் தாழ்ந்துபோகலாம்.

உங்கள் கணக்கில் கல்லீரலை விட்டுவிட்டீர்கள். நாம் தூங்கினாலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதற்காகக் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்ததை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். இருப்பு குறைந்தால் புதிதாகவும் தயாரிக்கும். அதனால்தான் உங்கள் பட்டினி பலிக்கவில்லை. விடியற்காலை 3 மணிக்கு மேல் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடி, கல்லீரலை இன்னும் முடுக்கிவிடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இது நடக்கிறது. ஆனால் அவருடைய கணையம் கூடுதலாகக் கொஞ்சம் இன்சுலின் சுரந்து சரிக்கட்டிவிடும். உங்களுக்கு அந்த ஈடு போதவில்லை.

இது என் ஊகம்தான்; உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் படுக்கும்போதும், ராத்திரி 3 மணிக்கும், எழுந்தவுடனும் பாருங்கள். அலாரம் வைத்து எழுவது எரிச்சல்தான், ஆனாலும் அந்த 3 மணி எண்தான் விஷயத்தைச் சொல்லும். அது 120, 130 என்று நிதானமாக இருந்து காலையில் ஏறியிருந்தால், நான் மேலே சொன்ன விடியல் ஏற்றம். 70க்குக் கீழே இருந்தால் கதையே வேறு: மருந்து அதிகமாகிறது. வியர்வையில் நனைந்த தலையணை, கெட்ட கனவு, எழும்போது தலைவலி இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அப்படித் தாழ்ந்திருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். விடிந்ததும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். இதனால் பயந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடியல் ஏற்றம்தான் என்றால், இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாக, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு, 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை அதிக இன்சுலின் கேட்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போடாதீர்கள். சிலருக்கு அது வயிற்றுக்குள் போகும்வரை ஏற்றம் நீடிக்கும். இவ்வளவும் செய்தும் இறங்காவிட்டால் மருந்தைத்தான் மாற்ற வேண்டும். மெட்ஃபார்மின் கல்லீரல் குளுக்கோஸ் விடுவதைக் குறைக்கும். சிலருக்கு இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் தேவைப்படலாம். அளவை நீங்களாகக் கூட்டிவிட வேண்டாம்.

பெரியவர்கள் பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை என்பதே இலக்கு. உங்கள் 165 அதைத் தாண்டியதுதான், ஆனால் இன்றே ஓடவேண்டிய அவசரமில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவையும், நேரம் போட்டு எழுதிய அந்த மூன்று எண்களையும் அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.