கொடைக்கானல் குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் அம்பாசிடர்

வணக்கம். தொண்டியில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும் தங்கள் பழைய டீசல் அம்பாசிடர், கொடைக்கானலில் விடியற்காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தும் வெண்புகையை மட்டுமே கக்கியதாக எழுதியிருந்தீர்கள். வெண்புகை வருகிறதென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். ஆகவே டீசலைச் செலுத்தும் பம்பைக் கழற்றத் துடிக்கும் மெக்கானிக்கைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், குளிரில் குறையும் சூட்டை ஈடுகட்டுபவை, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ளே சூடேற்றும் 4 ஹீட்டர் பிளக்குகளே. நம் கடற்கரை வெயிலில் அவற்றில் இரண்டு செத்துப்போயிருந்தாலும் வண்டி கிளம்பிவிடுவதால், மலையேறும் வரை குறை வெளியே தெரிவதில்லை. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து டெஸ்ட் லேம்ப் (வயரோடு கூடிய சிறு சோதனை விளக்கு) வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பிளக்கில் விளக்கு எரியவில்லையோ அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எர்த் பட்டை, அதாவது பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் உலோக இழைப் பட்டை. என் வண்டியில் பார்வைக்கு நன்றாகவே இருந்த பட்டையை வளைத்தபோது பச்சைத் தூள் உதிர்ந்தது. உள்ளே பாதி இழைகளை உப்புக்காற்று தின்றிருந்தது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி இருந்தாலும், அப்படிப்பட்ட பட்டையோடு செல்ஃப் மந்தமாகத்தான் சுழலும்.

எஞ்சின் கிளம்புவதற்காக, எளிதில் பற்றிக்கொள்ளும் ஈதர் ஸ்ப்ரேயைக் காற்று நுழையும் வழியில் அடிக்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் பிஸ்டனே உடைந்துபோகலாம்.